குப்பை மேடும் எருக்குழியும்

மூன்றாமாண்டு இளம் அறிவியல் (தாவரவியல்) மாணவி

முன்னுரை

'குப்பை உயரும், கோபுரம் தாழும்' என்பது பெரியோர் கூறும் பழமொழி. வாழ்வின் ஏற்றத்தாழ்வைச் சுட்ட வந்த இம்மொழியை நான் இக்கட்டுரையில் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். குப்பை உண்மையிலேயே உயரக்கூடிய பொருள்தான். ஆனால் அது எந்த இடத்தில் உயர்கிறது என்பதே கேள்வி. வீட்டு எருக்குழியில் உயர்ந்தால் அது செல்வம். ஏரிக்கரையில் உயர்ந்தால் அது கேடு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிய விஞ்ஞான வேறுபாடன்று. சமையலறையில் நாம் கை நீட்டும் இடத்தில்தான் அது தொடங்குகிறது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் நாகரசம்பட்டி. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தைச் சேர்ந்தது. மாந்தோப்பும் தென்னையும் சூழ்ந்த செம்மண் பூமி. முன்பு விடியற்காலையில் ஊரை எழுப்பியவை மாட்டுக் கழுத்து மணிகள். இன்று ஒசூர், பர்கூர் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகளின் ஒலியே எழுப்புகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பேருந்தில் செல்லும் என் அண்ணனின் சம்பளத்தில்தான் நான் கல்லூரியில் படிக்கிறேன். ஆனால் மாடு போன வீட்டில் எருக்குழியும் போயிற்று என்பதை மட்டும் மறைக்க இயலாது.

குப்பை என்னும் சொல்

என் ஆயா, 'கொல்லைக்குக் குப்பை அடிச்சாச்சா?' என்று அப்பாவைக் கேட்பார். நகரத்தில் வளர்ந்த என் தோழி ஒருத்தி இதைக் கேட்டுத் திகைத்துப் போனாள். வயலில் போய் யாரேனும் குப்பை கொட்டுவார்களா என்பது அவளுடைய ஐயம். ஆயாவின் வழக்கில் குப்பை என்றால் எரு. ஆண்டு முழுதும் குழியில் சேர்ந்து மக்கிய சாணமும் கூளமும் சாம்பலும் சித்திரை மாதக் கோடை மழைக்கு முன் வண்டியேறிக் கொல்லைக்குப் போகும். அதற்குப் பெயர் 'குப்பை அடித்தல்'.

பழந்தமிழில் குப்பை என்றால் குவியல் என்றே பொருள். உப்பின் குவியலும் நெல்லின் குவியலும்கூடக் குப்பை எனப்பட்டன. அதில் இழிவு ஏதும் இல்லை. எல்லைக்கு அப்பால் கன்னடத்தார் எருமேட்டைத் 'திப்பெ' என்பர். தெலுங்கில் உரத்துக்கு 'எருவு' என்பது பெயர். மூன்று மொழியும் புழங்கும் நம் மாவட்டத்தில் எருவுக்குத் தனி மரியாதை இருந்தது. திருவள்ளுவரும் உழவு அதிகாரத்தில் உழுதலைக் காட்டிலும் எருவிடுதலை ஒரு படி உயர்த்திப் பேசுகிறார்.

இத்தகைய சொல் எப்பொழுது இழிபொருள் கொண்டது? மக்கும் பொருளும் மக்காப் பொருளும் ஒன்றாகக் கலந்த நாளில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயாவின் குழியில் விழுந்தவை அனைத்தும் மண்ணிலிருந்து வந்தவை; ஆகையால் மண்ணுக்கே திரும்பின. இன்று நாம் கட்டி எறியும் பையில் கீரைத்தண்டும் இருக்கிறது, ஷாம்பு உறையும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டில் கடைசியாக இருந்த பசுவின் பெயர் இலட்சுமி. நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது அது தீனி எடுக்காமல் வயிறு உப்பிப் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் இறந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்த மருத்துவர் உள்ளேயிருந்து வெளியே எடுத்துப் போட்டவை பிளாஸ்டிக் பைகள். ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறுபோல் கிடந்தன. சில பைகளின் முடிச்சுகூட அவிழவில்லை.

பழஞ்சோற்றையும் காய்கறித் தோலையும் பையில் போட்டு முடிந்து ஏரிக்கரையில் எறிவது எங்கள் தெருவின் வழக்கம். எங்கள் வீட்டின் வழக்கமும் அதுவே. சோற்று வாசனைக்கு மாடு பையோடு விழுங்கும். அந்த முடிச்சுகளில் ஒன்று நான் போட்டதாக இருக்குமோ என்ற எண்ணம் நெடுநாள் என்னை விட்டு அகலவில்லை. அதன்பின் வீட்டில் மாடு வாங்கவில்லை. எருக்குழியில் செங்கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார்கள்.

கல்லூரிக்கு வந்து, மண்ணின் நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்த ஆண்டில், அந்தக் குழியை மறுபடியும் தோண்டினேன்.

மக்குதல் என்றால் என்ன?

அழுகுதல் வேறு, மக்குதல் வேறு. இதுவே இத்துறையின் முதற்பாடம். காற்றுப்படும் இடத்தில் நுண்ணுயிர்கள் கழிவை உண்டு சிதைப்பது மக்குதல். காற்றின்றி, நீர் தேங்கி, வேறுவகை நுண்ணுயிர்கள் சிதைப்பது அழுகுதல். முன்னதில் மண்வாசனை வரும். பின்னதில் துர்நாற்றம் வரும்.

நுண்ணுயிர்க்கும் நம்மைப் போலவே சமச்சீர் உணவு வேண்டும். உடலுக்கு ஆற்றல் தருவது கரிச்சத்து. உடலைக் கட்டுவது தழைச்சத்து. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து இருந்தால் மக்குதல் செவ்வனே நடைபெறும். காய்கறிக் கழிவில் தழைச்சத்து மிகுதி. வைக்கோல், காய்ந்த சருகு, காகிதம் ஆகியவற்றில் கரிச்சத்து மிகுதி. மரத்தூளிலோ அது மிகமிக அதிகம். ஆகவே பச்சையும் சருகும் கலந்தால்தான் கணக்குச் சரியாகும்.

கலவை சரியாக அமைந்து, குவியலும் போதிய அளவு பெரியதாக இருந்தால், சில நாட்களில் உள்ளே சூடேறும். 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் உயரும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் அச்சூட்டில் பெரும்பாலும் மடிகின்றன. பின்னர்ச் சூடு தணிய, பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்டுகளும் நார்ப்பகுதியைச் சிதைக்கத் தொடங்குகின்றன. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான பொருளை உண்டாக்குவோர் இந்த ஆக்டினோமைசீட்டுகளே. நல்ல எருவிலும் அதே மணம் கமழ்வதன் காரணம் இதுதான்.

இந்தூரும் பெங்களூரும்

எரு தயாரித்தலை விஞ்ஞான முறைப்படி ஒழுங்குபடுத்திய இரண்டு முயற்சிகள் நம் நாட்டிலேயே நடைபெற்றன.

முதலாவது இந்தூர் முறை. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயத் தாவரவியலறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து இம்முறையை உருவாக்கினார். யஷ்வந்த் வாட் என்பாருடன் இணைந்து 1931-இல் இதை நூலாகவும் வெளியிட்டார். இந்திய உழவர்களிடம் பாடம் கற்றுக்கொண்டதை அவர் மறைக்கவில்லை. செடித்தழைக் கழிவு, சாணம், மண்ணும் சாம்பலும் என்று அடுக்கடுக்காக இட்டு, 15, 30, 60 ஆகிய நாட்களை ஒட்டி மூன்று முறை புரட்டினால், ஏறத்தாழ 90 நாட்களில் எரு தயாராகும். காற்றோட்டமே இதன் உயிர்நாடி. உழைப்பும் தண்ணீரும் சற்று அதிகம் வேண்டும்.

இரண்டாவது பெங்களூர் முறை. நம் ஊரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939-இல் இதை வகுத்தார். நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் பள்ளத்தில் மாறிமாறி அடுக்கி, மேலே மண்ணிட்டு மூடிவிட வேண்டும். புரட்ட வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு மாதங்களில் எருவாகிவிடும். தண்ணீரும் ஆளும் குறைந்த இடத்துக்கு இது ஏற்றது.

ஆச்சார்யா கண்ட நகரக் குப்பையில் பிளாஸ்டிக் இல்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அன்று பள்ளத்தில் போட்டு மூடினால் எரு கிடைத்தது. இன்று கலந்த குப்பையை அப்படியே போட்டு மூடினால் கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் துணுக்கும் கலந்த எருதான் கிடைக்கும். எந்த உழவரும் அதைத் தம் நிலத்தில் இட ஒப்பார். அன்று தேவைப்படாத ஒரு வேலை இன்று முதல் வேலையாகிவிட்டது, அதுதான் பிரித்தல். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று வலியுறுத்தின. 2019 ஜனவரி முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடைசெய்தது. சட்டம் வாசல் வரை வரும். சமையலறைக்குள் நாம்தான் வர வேண்டும்.

என் தோல்வி

புத்தகம் படித்த துணிவில் நான் மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்து, வீட்டுக் காய்கறிக் கழிவை நாள்தோறும் அதில் கொட்டினேன். இரண்டு வாரத்தில் குழி நாறிற்று. புழுக்கள் நெளிந்தன. அடுத்த வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, 'படிச்ச புள்ள செய்யற வேலையா இது?' என்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

குழியை மூடிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தபோது ஆயா திண்ணையிலிருந்து, 'பச்சையை மட்டும் போட்டா நாறாம என்ன பண்ணும் கண்ணு? மேல செத்தையைப் போட்டு மூடு' என்றார்.

பல்கலைக்கழக நூலில் 25-க்கு 1 என்றும் 30-க்கு 1 என்றும் நான் மனப்பாடம் செய்திருந்த விகிதத்தை, எழுதப் படிக்கத் தெரியாத ஆயா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மாந்தோப்பிலிருந்து சருகு அரித்து வந்து, கிளறிக் கலந்து, மேலே நான்கு விரற்கடை கனத்துக்கு மூடினேன். மூன்றாம் நாளே நாற்றம் நின்றது. விகிதம் தெரிந்திருந்தும் நான் அதைக் குழியில் பார்க்கவில்லை. ஆயா குழியைத்தான் பார்த்தார். தேர்வுக்குப் படிப்பதும் நிலத்துக்குப் படிப்பதும் வேறு என்பதை நான் உணர்ந்த நாள் அது.

வீட்டில் செய்யும் முறை

இனி, வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் கைக்கொள்ளத்தக்க முறையை வரிசையாகக் காண்போம்.

1. பிரித்தல்: சமையலறையில் இரண்டு பாத்திரம் வைக்க வேண்டும். ஒன்றில் காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைத்தூள், வாடிய பூ முதலிய மக்கும் பொருள்கள். மற்றொன்றில் பிளாஸ்டிக், உறை, கண்ணாடி முதலியன. இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவை எலியையும் நாயையும் அழைக்கும், குழிக்கு ஆகா.

2. இடம்: நிழலான மேட்டிடம் ஏற்றது. மழைக்காலத்தில் குழியில் நீர் நிற்கும். அப்போது தரைக்கு மேல் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கித் தொட்டி செய்யலாம். இடமில்லாதோர், துளையிட்ட பழைய பீப்பாயையோ மண்பானையையோ பயன்படுத்தலாம்.

3. அடுக்குதல்: அடியில் தென்னை மட்டையையும் சுள்ளியையும் பரப்பினால் காற்றுப் புகும். அதன்மேல் ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு சருகு என்னும் அளவில் இட வேண்டும். இது எடையளவன்று, கூடையளவு. இடையிடையே சாணிக்கரைசல் தெளிக்கலாம். சாணம் கிடைக்காவிடில் பழைய எருவோ தோட்டத்து மண்ணோ ஒரு கைப்பிடி தூவினாலும் நுண்ணுயிர்கள் வந்து சேரும். நம் பக்கத்து மாவிலை தடித்தது, மக்க நாளாகும். ஆகையால் நொறுக்கி, ஓர் இரவு ஊறவைத்துப் போடுவது நலம். மாங்கொட்டையைத் தவிர்க்கலாம். சாம்பல் சிறிதளவே போதும். மிகுந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போகும்.

4. ஈரம்: ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். சருகு சேர்க்க வேண்டும். கசியவே இல்லையெனில் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

5. புரட்டுதல்: பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேலுள்ளதைக் கீழாகவும் வெளியிலுள்ளதை உள்ளாகவும் புரட்ட வேண்டும். சிறு தொட்டியில் போதிய சூடு ஏறாது. எனவே விதை முற்றிய களையையும் நோய்ப்பட்ட செடியையும் அதில் இடலாகாது.

6. பதம்: மூன்று, நான்கு மாதங்களில் எரு கருமை கலந்த பழுப்பாகி, உதிரியாகி, சூடாறி, மண்மணம் வீசும். ஐயமிருந்தால் ஒரு சட்டியில் அவ்வெருவை மண்ணோடு கலந்து, நாலைந்து பாசிப்பயறு விதைத்துப் பார்க்கலாம். நன்கு முளைத்தால் பதம் வந்துவிட்டது. பதம் வராத எருவை இட்டால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும்.

7. இடுதல்: தொட்டிச் செடிக்கு மண்ணில் மூன்றில் ஒரு பங்கு எரு கலக்கலாம். பாத்திக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ அளவில் இட்டுக் கொத்திவிடலாம்.

மண்புழுவைத் தனியே விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஈரமும் நிழலும் எருவும் உள்ள இடத்துக்கு நாட்டு மண்புழு தானே வந்து சேரும். டார்வின் தம் இறுதி நூலை 1881-இல் மண்புழுவின் வேலையைப் பற்றியே எழுதினார் என்பதும் நினைக்கத்தக்கது.

எருவின் எல்லை

எருவே எல்லாம் தரும் என்று மிகைபடக் கூறுவது அறிவியலுக்கு அழகன்று. நூறு கிலோ தொழு எருவில் தழைச்சத்து சுமார் அரை கிலோதான். அதே அளவு தழைச்சத்து ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியாவிலேயே இருக்கிறது. சத்துக் கணக்கை மட்டும் பார்த்தால் எரு தோற்றுவிடும்.

ஆனால் செம்மண்ணுக்குக் குறை சத்து மட்டுமன்று. அதில் மக்கிய பொருள் குறைவு. மழை நீர் விரைந்து வடியும், வெயிலில் மேல்மண் இறுகும். எரு மண்துகள்களைப் பொலபொலப்பாகச் சேர்த்து வைத்து, நீரையும் காற்றையும் தாங்கச் செய்கிறது, நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. உப்புரம் செடிக்கு உணவூட்டுகிறது. எரு மண்ணுக்கு உணவூட்டுகிறது என்று சுருங்கச் சொல்லலாம். கோயம்புத்தூர் வேளாண் ஆய்வுப் பண்ணையில் 1909-இல் தொடங்கிய நிலையான உரச்சோதனை இவ்விருவகை உரங்களையும் ஒரே நிலத்தில் நெடுங்காலம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே அமைந்தது. மண்ணின் கணக்கை ஓராண்டு விளைச்சலில் முடித்துவிட இயலாது என்பதற்கு அதுவே சான்று. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2013-இல் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று வற்புறுத்திய கருத்தும் மண்ணை உயிருள்ள பொருளாகப் பார்க்க வேண்டும் என்பதே.

பெருநிலத்து உழவர் எவ்வளவு எரு, எவ்வளவு உரம் என்று முடிவு செய்வது மண்பரிசோதனையையும் பயிரையும் பொறுத்தது. ஆனால் நான்கு கத்தரிச் செடியும் ஓர் அவரைப் பந்தலும் உள்ள புழக்கடைக்கு, அந்த வீட்டுச் சமையலறையே போதிய எருவைத் தந்துவிடும். இதில் ஐயமில்லை.

முடிவுரை

நான்காம் மாதம் குழியிலிருந்து எடுத்த எருவைச் சலித்து, ஆடியில் அவரை நட்ட பாத்தியில் இட்டேன். தை மாதத்தில் பந்தல் காய்த்தது. வேலியோரம் நின்ற பெரியம்மாவுக்கு முதல் பறிப்பில் ஒரு மடி அவரைக்காய் கொடுத்தேன். இப்போது அவர் வீட்டுத் தோலும் தண்டும் எங்கள் குழிக்கு வருகின்றன; பையில்லாமல், முறத்தில் வருகின்றன. ஏரிக்கரைக்குப் போகும் முடிச்சுகளில் இரண்டு வீட்டு முடிச்சு குறைந்திருக்கிறது. ஊர் அளவில் இது சிறிது. ஆயினும் அக்கரையில் மேயும் மாட்டுக்கு இது சிறிதன்று.

தோழர்களே, தோழியரே! நம் கல்லூரி வளாகத்து வேம்பும் புங்கும் உதிர்க்கும் சருகு காலைதோறும் கூட்டி எரிக்கப்படுகிறது. விடுதிச் சமையற்கூடத்துக் காய்கறிக் கழிவு வேறொரு மூலையில் அழுகுகிறது. ஒன்று கரிச்சத்து, மற்றொன்று தழைச்சத்து. இரண்டும் நூறடி தூரத்தில் தனித்தனியே வீணாகின்றன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் மண்வெட்டி எடுத்தால் இவ்விரண்டையும் ஒரே குழியில் சேர்த்துவிடலாம். பேராசிரியப் பெருமக்கள் இடம் காட்டினால் போதும். முதல் கூடைச் சருகை நான் சுமந்து வருகிறேன்.

ஆயா இப்போதும் கேட்கிறார், 'குப்பை அடிச்சாச்சா கண்ணு?' என்று. அச்சொல் எங்கள் வீட்டிலாவது தன் பழைய பொருளுக்குத் திரும்பியிருக்கிறது.